மாஸ்க்குக்கு உள்ளே இரண்டரை மணி நேரம்

1. வெள்ளைக் கோட்டு

நான் டாக்டர் அல்ல, பார்மசிஸ்ட். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது. அதுவும் ஒரு பெண்ணின் ஈறு வெந்த பிறகுதான் சொன்னேன்.

ஓசூர் சிப்காட்டில், காருக்கான சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் மெடிக்கல் ரூமில் வேலை பார்த்தேன். கம்பெனி டாக்டர் புதன்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வருவார். மற்ற நாளெல்லாம் அந்த அறையில் நான் ஒருவன்தான். சேர்ந்த முதல் நாள் ஸ்டோர்ஸில் ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அன்று மதியமே தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பிலிருந்து விரலில் வெட்டுக்காயத்தோடு வந்தவர், "டாக்டர் சார், கொஞ்சம் பாருங்க" என்றார். திருத்தியிருக்கலாம். திருத்தாமல் கட்டுப் போட்டு அனுப்பினேன். கேட்க நன்றாக இருந்தது, வேறு காரணம் இல்லை. ஒரு மாதத்தில் கம்பெனி முழுக்க நான் டாக்டர் சார் ஆகிவிட்டேன்.

2. மாதேஸ்வரி கேட்டது

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. மாதேஸ்வரி தூசி புகாத கிளீன் ரூமில் ஆபரேட்டர். சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரி. இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைத் திட்டும், குறுக்கே காவிப் பட்டையும் விழும். மேலே படிந்த அழுக்கு என்றால் தேய்த்து எடுக்கலாம். இது பல்லுக்குள்ளேயே இருக்கும் கறை. மாதேஸ்வரிக்கு முன்பல் நான்கிலும் அந்தப் பட்டை இருந்தது. எட்டு மணி நேரமும் மாஸ்க் போடும் செக்ஷன் என்பதால்தான் கிளீன் ரூமைக் கேட்டு வாங்கினாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை தன் ரூம்மேட் நூர்ஜஹானோடு வந்தாள். டிரெய்னர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த வெள்ளி டெமோ. கிளாஸ் ரூமில் எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும்.

"மாஸ்க் போட்டுக்கலாங்களான்னு மேனேஜரக் கேட்டேன் சார். பாடம் நடத்த எதுக்கும்மா மாஸ்க்குன்னுட்டாரு" என்றாள்.

"மூணு வருசமா ஒரே ரூம்ல இருக்கோம் சார். இவ பல்ல நான் பாத்ததே இல்ல. ஜோக் சொன்னா கண்ணு மட்டும் சிரிக்குது" என்றாள் நூர்ஜஹான்.

"நீ சும்மா இருடி."

நூர்ஜஹான் ஒரு சின்னப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். பல்லை வெண்மையாக்கும் ஸ்ட்ரிப். "எங்கண்ணன் துபாய்ல இருந்து அனுப்புனான். எனக்கு எதுக்குங்க? எம் பல்லு ஏற்கெனவே முத்து. இவளுக்கு எப்படிப் போடணும்னு படிச்சுச் சொல்லுங்க."

உள்ளே இருந்த துண்டுச்சீட்டைப் படித்தேன். ஒரு நாளைக்கு ஒரு முறை, அரை மணி நேரம். ஈறில் படக் கூடாது. சொத்தை இருந்தாலோ, ஃபுளோரைடு கறை என்றாலோ முதலில் பல் டாக்டரைக் கேட்க வேண்டும். எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள். படித்ததை அப்படியே சொல்லியிருந்தால் போதும்.

நான் சொன்னது இது: "அரை மணி நேரமெல்லாம் காப்பிக் கறைக்கும்மா. உன்னுது கெட்டிக் கறை, பத்தாது. மாஸ்க்குக்குள்ளதானே இருக்கே? ஷிஃப்ட் ஏறும்போது ஒட்டிக்கோ, டீ பிரேக்ல எடுத்துடு. யாருக்கும் தெரியாது."

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆறு மணிக்கு ஏறும். டீ பிரேக் எட்டரைக்கு.

"டாக்டரே சொல்லிட்டாரு. வாடி" என்று நூர்ஜஹான் அவளை இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் ஒரு புதன்கிழமை இருந்தது. கம்பெனி டாக்டரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. நானே டாக்டர் ஆகியிருந்தேன்.

3. பாகலூர் ரோடு

அடுத்த வியாழன், டெமோவுக்கு முதல் நாள், டீ பிரேக்கில் அவள் மட்டும் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு மாஸ்க்கை இறக்கினாள். ஈறின் ஓரம் வெந்த தோல் போல வெளுத்து உரிந்திருந்தது. மேலுதடு வீங்கியிருந்தது. பல்லில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் வெளுத்து, நடுவே காவிப் பட்டை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"தண்ணி பட்டா சுருக்குன்னு மண்டைக்கு ஏறுதுங்க சார். நல்லா ஒட்டட்டும்னு காலையில உப்பு வெச்சு வேற தேய்ச்சேன். இன்னும் ஒரு நாள் போட்டா சரியாயிடுங்களா?"

அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. இத்தனைக்குப் பிறகும் என்னையே கேட்கிறாள். கேட் பாஸ் போட்டு, ஆட்டோ பிடித்து, பாகலூர் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கன்னடக்கார அம்மா. தமிழும் கன்னடமும் கலந்து, மரியாதைக்கு ஒரு 'ரீ' சேர்த்துப் பேசுவார்.

வாயைத் திறந்து பார்த்தவர், "ஏனம்மா இது! எவ்ளோ நேரம் வெச்சே?" என்றார்.

"ரெண்டரை மணி நேரம் மேடம். டெய்லி."

"யார் சொன்னாங்க?"

மாதேஸ்வரி என்னைக் கைகாட்டினாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை. "எங்க டாக்டர் சார்தான் மேடம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நீங்க டாக்டரா? எந்தக் காலேஜ்?"

பொய் சொல்ல வழியில்லை. "இல்லை மேடம். பார்மசிஸ்ட்" என்றேன்.

மாதேஸ்வரி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். வெளியாட்கள் முன்னால் அவள் எப்போதும் செய்வது அது. அன்று முதல் முறையாக என் முன்னால் செய்தாள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "ஸ்ட்ரிப் ஒண்ணும் விஷமில்ல ரீ. யாருக்கு, எவ்ளோ நேரம்னு பாக்காம ஒட்டுனதுதான் தப்பு. கீழே ஒரு சொத்தை இருக்கு, அதை யார் பாத்தீங்க? இந்தக் கறைக்கு ஸ்ட்ரிப் மட்டும் போட்டா முதல்ல வெள்ளைத் திட்டுதான் ஜாஸ்தி தெரியும். பயப்படாதேம்மா, அது கொஞ்சம் அடங்கும். ஈறும் ஆறிடும்."

ஈறு ஆறியது. ஆனால் டெமோ மறுநாள். பாதி வாய் திறந்து, உதட்டை இழுத்து மூடிக்கொண்டு பேசினாள். வேலை வேறொருவருக்குப் போனது. என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்டதற்குப் பல்வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அனுப்பியிருந்தாலும் அது தவறாக இருந்திருக்காது. இன்றைக்கு நான் வாங்கும் பென்ஷன் அவள் அன்று விழுங்கிய அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

நூர்ஜஹான் விழுங்கவில்லை. மெடிக்கல் ரூமுக்கு வந்து நின்றபடியே சொன்னாள்: "கோட்டு வெள்ளையா இருந்தா போதும்னு நெனச்சிட்டோம் சார்." அவளுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். யாரும் எனக்கு அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

4. எதையும் சேர்க்காமல்

அந்த வாரமே பார்மசிஸ்ட் என்று எழுதிய பேட்ஜ் கேட்டு வாங்கிக் கோட்டில் குத்தினேன். கதவில் ஒரு அட்டை: "டாக்டர் புதன்கிழமை மட்டும்." டாக்டர் சார் என்று கூப்பிட்டவர்களிடம் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

மாதேஸ்வரி இரண்டு மாதம் என் அறைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்தத் துண்டுச்சீட்டோடு வந்தாள். டாக்டரம்மா பல்லைச் சுத்தம் செய்து, சொத்தையை அடைத்து, முன்பல்லின் காவிப் பட்டையை மிஷினால் மேலாகத் தேய்த்துக் குறைத்துவிட்டு, மீதி ஸ்ட்ரிப்பை வீட்டில் போட அனுமதி கொடுத்திருந்தார்.

"இதுல இருக்கறத மட்டும் தமிழ்ல எழுதிக் குடுங்க சார். அவங்க சொன்னதையும் நான் சொல்றேன், அதையும் எழுதுங்க."

எழுதினேன். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குப் போன பிறகு, உட்கார்ந்த இடத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம். ஒட்டுவதற்கு முன் அழுத்திப் பல் தேய்க்கக் கூடாது, ஈறு புண்ணாகும். பல்லைத் துணியால் ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். ஸ்ட்ரிப் ஈறுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். நீளமாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். ஊறும் எச்சிலைத் துப்பிவிட வேண்டும். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்து, சில மணி நேரம் டீயைத் தள்ளிப்போட வேண்டும். கூசினால் ஓரிரு நாள் விட்டுப் போட வேண்டும். விடாமல் கூசினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அடைத்த பல், கேப் போட்ட பல் நிறம் மாறாது. பிள்ளை உண்டானவர்களும் சின்னப் பிள்ளைகளும் போடக் கூடாது.

என் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவள் வரி வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

காவி நிறம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது. அதற்குமேல் அவள் ஆசைப்படவும் இல்லை.

5. புது பேட்ச்

மறு வருடம் டிரெய்னர் வேலைக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். இந்த முறை மாதேஸ்வரிக்குக் கிடைத்தது. முதல் பேட்ச் பெண்களைக் கம்பெனி சுற்றிக் காட்ட அழைத்து வந்தவள், மெடிக்கல் ரூம் வாசலில் நின்றாள். இருபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள். வாயைக் கையால் மூடி நின்றவர்கள் இரண்டு மூன்று பேர்.

"சாருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றாள்.

முன்னால் நின்ற ஒருத்தி, "வணக்கம் டாக்டர் சார்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாதேஸ்வரி சொல்லிவிட்டாள். "இவரு டாக்டர் இல்லம்மா, பார்மசிஸ்ட். தெரிஞ்சதத் தெரியும்பாரு, தெரியாதத் தெரியாதுன்னுடுவாரு. அதனால எதுன்னாலும் தைரியமா வந்து கேளுங்க."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். வைக்கோல் நிறமும் வெள்ளைத் திட்டும் எல்லாம் தெரிந்தன. கை வாய்ப்பக்கம் போகவே இல்லை.