சத்தியக் காசு

"தவக்காலம், இரண்டாம் வெள்ளி. மூத்தவள் காசில் கைவைக்க மறுத்தாள்." அப்பாவின் நாட்குறிப்புக் கொப்பியில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம், வியர்த்த உள்ளங்கையில் ஒட்டும் செம்பின் மணம் எனக்கு வந்துவிடுகிறது.

கனடாவுக்குக் கள்ளமாக ஆள் அனுப்பும் 'ஏஜென்சிக்காரன்' வழியில் கைவிட்டுப்போன மாதங்களில், யேசுவின் உருவம் என்று சொல்லி இஸ்தான்புல் தெருவில் ஒருவன் அப்பாவுக்கு விற்ற பழைய பைசாந்தியக் காசு அது. ஒரு பக்கத்தில் கிரீடமும் மணி பதித்த அங்கியும் அணிந்து, உச்சியில் சிலுவை நட்ட உருண்டையை ஏந்திய ஒருவர்; மறுபக்கத்தில் கிரீடமில்லாமல் புத்தகம் வைத்திருக்கும் தாடிக்காரர். கிரீடம் வைத்தவரே கிறிஸ்து அரசர், மற்றவர் யாரோ ஒரு புனிதர் என்று அப்பா தீர்மானித்தார். கனடாவில் மில்லிக்கன் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் எங்கள்மேல் சந்தேகம் வந்தால், அரசரின் பக்கம் மேலே தெரிய அந்தச் 'சத்தியக் காசை'ச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். அதில் கைவைத்துப் பொய் சொன்னால் கை அழுகும் என்று நானும் அக்காவும் நம்பினோம்.

அன்று சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்தச் சைவப் பெடியனோட கதைக்கிறேல்லை எண்டு இதில கை வைச்சுச் சொல்லு."

அக்கா அசையவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "எடியே, ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்து சாப்பிடன். காசே எழும்பிச் சாட்சி சொல்லப்போகுது?" என்றார்.

"யேசுவில கை வைச்சுப் பொய் சொல்லமாட்டன், அம்மா."

"அப்ப இந்த வீட்டில உனக்கு இடமில்லை," என்றார் அப்பா. அக்கா பள்ளிக்கூடப் பையோடு போனாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தது அவருடைய சவப்பெட்டிக்குள்தான்.

காசு என்னிடம் வந்தது. நூலகப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் சிலுவை வளையமுள்ள, புத்தகம் ஏந்திய அந்தப் 'புனிதர்'தான் கிறிஸ்து. கிரீடக்காரன் பேரரசன், தன் ஆட்சி மேலிருந்து வந்தது என்று குடிகள் நம்புவதற்காகச் சிலுவையைத் தன் கையிலும் கிறிஸ்துவைத் தன் காசிலும் பொறித்துக்கொண்டவன். அப்பா அத்தனை வருடமும் யேசுவைக் குப்புறக் கிடத்திவிட்டுத்தான் எங்களிடம் சத்தியம் கேட்டிருக்கிறார்.

அஜக்ஸ் நகரில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, அது யேசு இல்லை. ஆரோ ஒரு ராசா."

"உதை இப்ப ஏனடி எனக்குச் சொல்லுறாய்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மில்லிக்கன் வீடு விற்றாயிற்று, மேசையும் போய்விட்டது. காசில் கிறிஸ்துவின் முகம் இன்றும் தெளிவாக இருக்கிறது, அதை எவரும் தொடவில்லை. அரசனைச் சுற்றியிருந்த பெயரெழுத்துகளை எங்கள் கைகள் தேய்த்துவிட்டன. அக்காவை வீட்டைவிட்டு அனுப்பியவன் எந்த அரசன் என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.