முட்டை லாரியில் போன மீசைக்காரர்

நூலை முறுக்கி, பின்னி, முடிச்சுப் போட்டு, சுவரில் மாட்டும் உருவங்கள் செய்வது என் தொழில். எங்கள் நாமக்கல் பக்கத்தில் இதற்கு ‘ஊட்டுல சும்மாதான் இருக்கறா’ என்று பெயர்.

பழைய சேலைக் கரைகளையும் ஊர் எல்லைக் காவல்தெய்வங்களையும் பார்த்துப் பார்த்து, கறுப்புக் கயிறும் சிவப்பு நூலுமாக ஒரு பெரிய முகம் செய்தேன். உருட்டு விழி, முழநீள மீசை. முதன்முறையாகச் சென்னைக் கண்காட்சி ஒன்றில் எனக்கென்று ஒரு சுவர் ஒதுக்கியிருந்தார்கள். நூல் வாங்கச் சேலம் போய்விட்டுத் திரும்பினால், முகத்தைக் காணோம்.

அண்ணனுக்கு லாரித் தொழில். “புது வண்டிக்குப் பூசை போட்டமல்ல கண்ணு, முன்னாடி கட்டி உட்டுட்டேன். இத்தன நல்ல திருஷ்டி பொம்மைய ஊட்டுக்குள்ள வெச்சு யாருக்குக் காட்டறது?” என்றார். அதற்குள் மீசைக்காரர் முட்டை லோடுடன் பாலக்காட்டைத் தாண்டியிருந்தார். ஆத்திரத்தில் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினேன். அண்ணி போட்ட சோற்றை மட்டும் நிறுத்தவில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் லாரி திரும்பியது. கத்தரிக்கோலோடு போய் நின்றேன். மீசை முழுக்கப் புழுதி, விழியில் பூச்சி. டிரைவர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

“அக்கா, இத மட்டும் கழட்டாதீங்க. கட்டுனதுலருந்து வண்டிக்கு ஒரு கீறல் இல்லீங்க. ஒத்த முட்டை ஒடையலீங்க.”

“நாளைக்கு இது மெட்ராஸ்ல சொவத்துல இருக்கோணும்” என்றேன்.

“சொவத்துக்கு என்னங்க ஆவப்போவுது? அது நின்ன எடத்துலயே நிக்குது. ரோட்டுல போறவன் நானுங்க.” சாவியை எடுத்து, பக்கத்தில் நின்ற அண்ணன் கையில் வைத்தார். “கழட்டுனா வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“அது அவ செஞ்சது. அவ சொல்றதுதான்” என்றார் அண்ணன்.

என் வேலையைப் பாராட்டியவர்கள் உண்டு. தலையைச் சாய்த்துப் பார்த்து, ஆழமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இதை விடமாட்டேன் என்று எவரும் என்னோடு மல்லுக்கு நின்றதில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. சென்னைச் சுவரை விடவும் மனம் வரவில்லை.

சென்னைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். பிறகு பிசிறு நுனிகளை நறுக்கிவிட்டு, தளர்ந்த முடிச்சுகளை இறுக்கத் தொடங்கினேன். டிரைவர் இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்காமல் நேராகப் பார்த்தார்.

“எடது மீசைய இன்னுங் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்கக்கா” என்றார்.

கட்டினேன்.