சம்மந்தியின் தகப்பன் பிறந்த ஊர்

ஜெர்மனியில் செத்த பிறகும் வாடகைக்குத்தான் படுக்க வேண்டும். கொலோனில் இவ்வளவு காலம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களை எரித்துவிடுகிறோம், அதோடு கதை முடிந்தது. இங்கே புதைப்பவர்களுக்குக் குழியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுப்பார்கள். காலம் முடிந்தால், கல்லை எடுத்துக்கொண்டு போங்கள், இடத்தை நிரவப் போகிறோம் என்று சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டத்து, நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். சில குழிகளுக்குக் காலத்தை நீட்டலாம். வரிசைக் குழி என்று ஒன்றிருக்கிறது, அதை நீட்ட முடியாது. என் சம்மந்தியின் தகப்பன் படுத்திருந்தது அப்படியொரு வரிசைக் குழியில்.

சம்மந்தி என்றால் என் மகளின் மாமியார். அவருடைய தாய் ஜெர்மன்காரி. தகப்பன் இத்தாலியிலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சம்மந்தி வளர்ந்ததெல்லாம் ஜெர்மன்காரியாகத்தான். அழுவதென்றாலும் அதற்கு ஒரு டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம் எடுத்து, அந்த நேரத்துக்கு வந்து அழுகிற ஆள் என்று நான் மகளிடம் பகிடி பண்ணுவதுண்டு. அந்தக் கடிதம் வந்த அன்று முன்னறிவிப்பில்லாமல் எங்கள் வீட்டு மணியை அடித்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என் குசினிக் கதிரையில் இருந்து அழுதார். நான் அடுப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

கல்லுக்காக அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் தகப்பன் ஒன்று கேட்டிருக்கிறார். தன்னைத் தன் அம்மாவிடம் கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருக்கிறார். தென் இத்தாலியில் அவர் வளர்ந்த மலை ஊரின் சேமக்காலையில் அவருடைய அம்மாவின் கல்லறை இருந்தது. சிறுவயதில் விடுமுறைக்குப் போனபோது சம்மந்தியே அதற்குப் பூ வைத்திருக்கிறார். அதனால் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கேதானே அப்பா, கட்டாயம் கொண்டுபோகிறேன் என்றிருக்கிறார். தகப்பன் இல்லை என்று தலையாட்டினாராம். திரும்பக் கேட்டபோதும் அதே தலையாட்டல். அம்மாவிடம் என்று கேட்டதோடு அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. சரி, மனம் மாறிவிட்டார், இங்கேயே இருக்க விரும்புகிறார் என்று எண்ணி, கொலோனிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். செய்தது சரியா பிழையா என்று அன்று தொடங்கிய குடைச்சல் சம்மந்திக்கு ஓயவேயில்லை.

கல்லில் தகப்பனின் படம் பதித்திருந்தது. இத்தாலிக்காரர் வைக்கிற சின்ன முட்டை வடிவப் பீங்கான் படம். குழியை நிரவ முன்னம் அதைக் கழற்றி, மலை ஊரில் தாயின் கல்லறையில் பதிப்பது என்று முடிவெடுத்தார்கள். ஆளைக் கொண்டுபோக முடியாவிட்டாலும் படமாவது போகட்டும். மலை ஊர் நகரசபைக்கு எழுதினால், இவர் அந்தப் பெண்ணின் மகன் என்பதற்குப் பிறப்புப் பதிவு வேண்டும் என்று பதில் வந்தது. நியாயம்தானே. வழியில் போகிறவன் வந்து என் வீட்டுச் சுவரில் படம் மாட்ட நான் விடுவேனா?

அப்போதுதான் தேடல் தொடங்கியது. மருமகன் எர்லாங்கனில் இஞ்சினியர். இத்தாலியின் பழைய பதிவுப் புத்தகங்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். வார இறுதிகளில் கணனிக்கு முன்னால் இருந்து, மை ஊறிய அந்தக் கையெழுத்துகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அவருடைய பாட்டனார், அதாவது சம்மந்தியின் தகப்பன், பிறந்த வருடத்தில் அந்தப் பெயர் இல்லை. முந்திய வருடத்திலும் இல்லை, பிந்திய வருடத்திலும் இல்லை. பாட்டனாரின் வேலை அட்டை, வதிவிடக் கடதாசி எல்லாவற்றிலும் பிறந்த இடம் அந்த மலை ஊர்தான். சம்மந்தியின் தாயும் தகப்பனும் கலியாணத்தைப் பதியாமலே சீவித்தவர்கள், ஆகவே ஜெர்மன் பதிவகத்திலும் தோண்டி எடுக்க ஒன்றுமில்லை. இதைச் சொல்லும்போது சம்மந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் போய் வெட்கமா, பாவம்.

ஒரு ஞாயிறு எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார்கள். மருமகன் சாப்பாட்டு மேசையிலும் கணனியைத் திறந்து வைத்திருந்தார். எனக்கு அது பிடிக்காது, ஆனால் மருமகனிடம் சொல்ல முடியுமா? நண்டுக் கறியைக் கணனிக்குப் பக்கத்தில் வைத்தேன், அவராகவே கணனியைத் தள்ளி வைத்தார். பிறகு நான் கேட்டேன், பாட்டனாரின் தாய் எந்த ஊர் என்று.

ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் அதை யோசித்திருக்கவுமில்லை. குடும்பப் பெயர் தகப்பன் வழி வருவது, ஆகவே தகப்பனின் ஊரைத்தான் தேட வேண்டும் என்றார் மருமகன். எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான். சீதனமாக வீடு அவளுக்குப் போகும், கட்டுகிறவன் அங்கே வந்து இருப்பான். என் இவர் ஒரு சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். எங்கள் குடும்பத்தில் தகப்பனின் ஊரில் பிறந்த பிள்ளை என்று ஒன்றுகூடக் கிடையாது. தகப்பனின் பெயர் முதலெழுத்தாக முன்னுக்கு நிற்கும், அவ்வளவுதான்.

“அம்மா, இத்தாலியில சீதன வீடு இல்லை. சும்மா இருங்கோ” என்றாள் மகள்.

“பிள்ளையைப் பெத்தது ஆர்? தாயைத் தேடாம தேப்பன்ர ஊரைக் கிண்டிக்கொண்டிருந்தா எப்பிடிக் கிடைக்கும்?” என்றேன்.

மருமகனுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் என் குரல் விளங்கும். மகள் மொழிபெயர்த்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்று கிடைத்தது, ஆனால் ஒதுக்கிவிட்டேன் என்றார். அந்தக் காலத்தில் கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை ஊரிலும் பெண் ஊரிலும் அறிவித்தல் ஒட்டுவார்களாம். மலை ஊர் அறிவித்தல் புத்தகத்தில் பாட்டனாரின் தகப்பனுடைய பெயர் இருந்தது. பெண், கீழே பள்ளத்தாக்கில் இருந்த வேறு ஊர்க்காரி. அவளுடைய பெயரோ சம்மந்தி பூ வைத்த கல்லறையில் இருந்த பெயர் இல்லை. பேரனுக்குப் பாட்டன் பெயரை வைத்து வைத்து அந்த மலை ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள், இது வேறு ஆள் என்று அவர் விட்டுவிட்டார். பள்ளத்தாக்கு ஊரின் புத்தகங்கள் இணையத்தில் இருக்கவும் இல்லை.

இல்லாவிட்டால் என்ன, எழுதிக் கேட்கலாம்தானே என்றேன். என் வாயை மூடுவதற்காகத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். பிறகு நானும் அதை மறந்துபோனேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு மகள் எர்லாங்கனிலிருந்து தொலைபேசி எடுத்தாள். பள்ளத்தாக்கு ஊர் அலுவலகத்தில் ஒரு பெண் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறார். பாட்டனார் பிறந்தது அங்கேதான், தாயின் பெற்றோர் வீட்டில். நான் சொன்ன காரணம் பிழை. அங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருக்கவில்லை, பெண்தான் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். காரணம் பிழையென்றாலும் இடம் சரிதானே. சொன்னேனா இல்லையா என்று தொடங்கிவிட்டேன்.

“அம்மா, நில்லுங்கோ. இன்னும் இருக்கு” என்றாள் மகள்.

அந்த அலுவலகப் பெண் அதே வருடத்து இறப்புப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். பிள்ளை பிறந்து ஒரு கிழமைக்குள் தாய் செத்துப்போனாள். பிள்ளையைத் தகப்பன் மலை ஊருக்குக் கொண்டுபோய், பிறகு இரண்டாம் கலியாணம் செய்திருக்கிறார். சம்மந்தி சிறுவயதில் பூ வைத்தது அந்த இரண்டாவது பெண்ணின் கல்லறைக்கு. வென்ற சந்தோசம் போன இடம் தெரியவில்லை.

அன்று பின்னேரம் சம்மந்தி வந்தார். இந்த முறை கோட்டைக் கழற்றிக் கொழுவினார், சப்பாத்தையும் ஒழுங்காக வைத்தார். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஜெர்மனில் சொன்னதை நான் என் தமிழில் சொல்கிறேன்.

“அப்பா மனம் மாறேல்லை. நான்தான் ஊரைப் பிழையாச் சொல்லியிருக்கிறன். அதுதான் தலையாட்டினவர்.”

வாய் பேச முடியாமல் கிடந்த மனிசன் இல்லை, இல்லை என்று எத்தனை தரம் தலையாட்டியிருப்பார். உங்களுக்கு எப்படித் தெரியும், பெற்ற தாயைப் பற்றி அவர் ஒருநாளும் சொல்லவில்லையே என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்லவில்லை, பொய்யாகச் சொல்லி என்ன? இரவுச் சாப்பாட்டுக்கு மறித்தேன். இருந்து சாப்பிட்டார்.

குழியை நிரவ முன்னமே படத்தைக் கழற்றிக்கொண்டு, வசந்த காலத்தில் மருமகனின் காரில் எல்லோருமாகப் புறப்பட்டோம். நான் மீன் ரோல்சும் கடலை வடையும் கட்டிக்கொண்டு போனேன். கார் மணக்கும் என்று மகள் முணுமுணுத்தாள், ஆனால் அல்ப்ஸ் மலை தாண்ட முன்னம் ரோல்ஸ் முடிந்துபோனது. முதலில் மலை ஊருக்குப் போகச் சொன்னது சம்மந்திதான். இரண்டாவது பெண்ணின் கல்லறையைத் துடைத்து, பூ வைத்தார். வளர்த்தவவும் அம்மாதானே என்றார். அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கில் இறங்கினோம்.

அந்தத் தாய் தன் பெற்றோரின் குடும்பக் கல்லறையில் இருந்தாள். பிள்ளைப் பேற்றுக்கு வந்தவள் அங்கிருந்து திரும்பிப் போகவேயில்லை. அவளுக்கும் ஒரு பீங்கான் படம் இருந்தது, கலியாணத்துக்கு எடுத்ததாக இருக்க வேண்டும், என் மகளைவிட எவ்வளவோ இளையவள். அந்தக் குடும்பத்தில் இப்போது இருப்பவர்கள் சம்மதம் சொல்லியிருந்தார்கள். மேசன் ஒருவர் வந்து அவளுடைய படத்துக்குக் கீழே பாட்டனாரின் படத்தை வைத்துச் சீமெந்து பூசினார். மேலே ஒரு சின்னப் பெண், கீழே வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு கிழவர்.

மேசன் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மருமகன் வாயைத் திறக்க முன்னமே சம்மந்திக்கு விளங்கிவிட்டது. இவர் இந்தப் பெண்ணின் தகப்பனா என்று கேட்டிருக்கிறார். இல்லை, அவவின் பிள்ளை என்று தனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில் சம்மந்தி சொன்னார். மேசன் ஈரத்துணியால் படத்தின் விளிம்பைத் துடைத்தார். நேராக இருக்கிறதா பாருங்கள் என்றார். சம்மந்தி இரண்டடி தள்ளி நின்று பார்த்து, ஓம் என்று தலையாட்டினார்.