கசாயத்தில் கரைத்த கொயினா

சாமியாடிகளுக்கும் பூசாரிகளுக்கும் முறைக்காய்ச்சலைப் போலத் தோதான நோய் இன்னொன்று கிடையாது. ஒருநாள் வரும், மறுநாள் வராது. வருகிற நாளில் யாராவது எதையாவது செய்துவைத்தால் போதும், மறுநாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். செய்தவர் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். அதற்கடுத்த நாள் மறுபடியும் நடுக்கம் எடுத்தால் அது வீட்டாரின் குற்றம். சுத்தம் போதவில்லை, இல்லையென்றால் எவளோ தீட்டோடு வாசலை மிதித்துவிட்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். அந்தக் காக்கை பாவம், ஒரு தடவைதான் உட்கார்ந்தது. எங்கள் வீட்டுக் காக்கைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கார்ந்தன.

யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. என்னைச் சுருளிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் கணவர் வருஷா வருஷம் மலையேறி ஏலத்தோட்டத்தில் இரண்டு மூன்று மாதம் வேலை பார்த்துவிட்டு இறங்குவார். அந்த வருஷம் காய்ச்சலோடு இறங்கினார். மத்தியானம் ஆனதும் பல் தந்தியடிக்கும். இரண்டு கம்பளியைப் போர்த்தி அதன்மேல் என் மாமனார் படுத்து அமுக்குவார், அவரையும் சேர்த்துத் தூக்கிப் போடும். பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வியர்த்துப் பாய் நனையும். ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். விலாவுக்குக் கீழே இடது பக்கம் கல் மாதிரி ஒரு கட்டி வேறு. என் கையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. இவர் போய்விட்டால் நானும் குழந்தையும் அந்த வீட்டில் யார் தயவில் கிடப்போம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மாமியார் முதலில் மஞ்சள் துணியில் காசு முடிந்தார். மறுநாள் காய்ச்சல் வரவில்லை. "பாத்தியா, முடிஞ்ச கையோட விட்டுருச்சு" என்றார். அதற்கு மறுநாள் வந்தது. மாமனார் அருவிக்குப் போய் ஒரு குடம் தீர்த்தம் சுமந்துவந்து தலையில் ஊற்றினார். மறுநாள் வரவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியாரின் மஞ்சள் துணியைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. மறுநாள் வந்தது. இப்படியே ஒவ்வொருவரும் தலைக்கு ஒரு தடவை அவரைக் குணமாக்கி முடித்தார்கள். ஒற்றை நாள், இரட்டை நாள் என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர் அந்த வீட்டில் ஒருவரும் இல்லையா என்று நான் அடுப்படியில் பொருமிக்கொண்டிருந்தேன்.

கொயினா என்கிற குயினைன் பொடியைக் கொடுத்தால் இந்தக் காய்ச்சல் நிற்கும் என்று என் கணவரே மலையில் கேள்விப்பட்டு வந்திருந்தார். தோட்டத்தில் கொடுத்தார்களாம். கசப்புக்குப் பயந்து துப்பிவிட்டாராம், மகாவீரர். கம்பத்துத் தபாலாபீஸில் பொட்டலமாக விற்கிறார்கள், வாங்கிவரச் சொல்லுங்கள் என்று நான் மாமியாரிடம் கேட்டேன்.

"கொயினாவா? காது செவிடாப் போகும். சூடு ஏறி வம்சமே அத்துப்போகும். உத்தமபாளையத்துல ஒருத்தன் தின்னுட்டு, காது கேக்காம இன்னைக்கு வரைக்கும் ஊமை மாதிரி உக்காந்திருக்கானாம். ஆத்தா இருக்கையில வெள்ளைக்காரன் பொடி எதுக்கு?"

அந்த உத்தமபாளையத்து ஆளை அவர் பார்த்ததில்லை. அவரிடம் சொன்னவரும் பார்த்ததில்லை. பார்க்காத செவிடனுக்கு இருந்த மதிப்பு கண்முன்னால் கிடந்த மகனுக்கு இல்லை. இதை அவர் பக்தி என்று சொன்னார். எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது. சாமியிடம் விட்டுவிட்டால் தப்பு தன்மேல் வராது என்கிற பயம். அதற்குத் திருநீறு பூசி உட்காரவைத்திருந்தார்.

கடைசியாக வந்தவர் ஆத்தா கோயில் பூசாரி. நிலவேம்பைக் காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகைத் திருநீற்றைப் போட்டு, காலையும் மாலையும் ஒரு கலயம் கொடுத்தனுப்பினார். ஒன்பது நாள் குடிக்க வேண்டும், இடையில் வேறு மருந்து நாக்கில் படக்கூடாது. அந்தக் கசாயத்தை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடிவயிறுவரை கசந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. இந்தக் கசப்போடு எந்தக் கசப்பைச் சேர்த்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

சந்தை நாளில் கம்பத்துக்கு நடந்தேன். தபாலாபீஸில் இருந்தவர் பொட்டலங்களை நீட்டி, "லேசுல கரையாதும்மா, எலுமிச்சஞ்சாறு விட்டுக் கரைச்சுக் குடுங்க" என்றார். அப்படியே செய்தேன். முதல் நாள் குடித்துவிட்டு என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னைக்கு ஆத்தா ரொம்பக் கோவமா இருக்கா போல" என்றார். நான் திரும்பி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

காய்ச்சல் வரவேண்டிய நாள் இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறையும் தப்பியது. ஒன்பதாம் நாள் அவர் எழுந்து வாய்க்கால்வரை நடந்துபோனார். மாமியார் கோயிலில் கிடா வெட்டினார், தெருவே சாப்பிட்டது. பூசாரி இலையின் முன் உட்கார்ந்து தன் கசாயத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டே மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கினார். நான்தான் பரிமாறினேன். அந்த ஊரிலேயே புத்திசாலி நான் ஒருத்திதான் என்ற நினைப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நினைப்பு நாலு நாள்கூட நிலைக்கவில்லை. தபாலாபீஸ் வாசலில் என்னை யாரோ பார்த்து மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள்.

"எதுக்குப் போன?"

"எங்கண்ணனுக்குக் கார்டு போடப் போனேன் அத்தை."

அவர் என் குழந்தையைத் தூக்கிவந்து என் முன்னால் நிறுத்தினார். "இவ தலையில கைய வச்சுச் சொல்லு, அந்தப் பொடி இந்த வீட்டுக்குள்ள வரலைன்னு."

வைத்தேன், சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட தெம்பில் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் குழந்தைக்குச் சளி பிடித்தது. எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது? ஆனால் நான் அதன் நெற்றியை நாளைக்கு ஐம்பது தடவை தொட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியாமல் ஆத்தா கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். மாமியாரின் பயத்தைக் கேலி செய்த அதே வாயால்தான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: வெளியே சொல்லாதவரை சத்தியம் பொய்யாகிவிடவில்லை, சொன்னால்தான் பொய். என்ன ஒரு சட்டம் பாருங்கள். ஊருக்குத் தெரியாத விஷயம் ஆத்தாளுக்கும் தெரியாது என்று நினைத்திருக்கிறேன். உத்தமபாளையத்துச் செவிடனை நம்பியவர் எவ்வளவோ தேவலை.

மிச்சமிருந்த நாலு பொட்டலத்தைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. தானியம் கொட்டிவைக்கும் குலுக்கையில் கம்புக்கு அடியில் புதைத்துவைத்தேன்.

மறுவருஷம் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் மலையிலிருந்து காய்ச்சலோடு வந்தார். என் கணவர் கிடந்தபோது என் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துச் சோறு ஊட்டியவள் அவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். எடுத்த எடுப்பில் பூசாரியிடம் போனாள். போகாமல்? குணமான ஆள்தான் தினமும் அவள் வீட்டு வழியாக மண்வெட்டியோடு போய்வந்துகொண்டிருந்தாரே.

காய்ச்சல் மூன்று முறை வந்தது. அவர் பேச்சு குழற ஆரம்பித்தது. நான் குலுக்கைக்குள் கையைவிட்டுப் பொட்டலங்களை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏத்தா, கசாயத்த மட்டும் நம்பி இருக்காத. கொயினாவும் குடுத்துப் பாரு."

அவள் கசாயக் கலயத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னக்கா இப்பிடிச் சொல்றீக? ஒங்க வீட்ல கொயினாவா குடுத்தீக? அண்ணன் இந்தக் கசாயத்துலதான எந்திரிச்சாக. ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு இருந்தா ஆத்தா எப்பிடிக்கா எரங்குவா?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆமாம், கொயினாதான் கொடுத்தேன். அவ்வளவுதான். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து என் மாமியார் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நோயாளியைப் பார்க்க உள்ளே வந்தார். குழந்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் கை வைத்துச் சத்தியம் செய்த தலை.

"அதுவும் சரிதான்" என்றேன்.

குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் காய்ச்சல் வராத நாள்; அவர் கொஞ்சம் கஞ்சி குடித்தார் என்றார்கள். எண்ணத் தெரிந்தவள் நான். அடுப்படியில் உட்கார்ந்து அத்தனை பேரையும் பழித்தவள். அந்த நானே, ஒருவேளை ஆத்தா இறங்கிவிட்டாளோ, நான் வாயைத் திறக்காமலே தப்பித்துக்கொள்ளலாமோ என்று அன்று நம்பினேன். மனதார நம்பினேன். அந்தத் தெருவில் அன்றைக்கு என் பக்திக்கு மேல் ஒருவருக்கும் பக்தி இருந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் அவருக்கு வலிப்பு வந்தது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பூசாரியும் இருந்தார். ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்றார். குணமானால் கசாயம், செத்தால் ஆத்தா, நல்ல தொழில். அவரை அப்படியே அறைந்தால் என்ன என்று இருந்தது. ஆனால் அவர் தன் கசாயத்தை உண்மையிலேயே நம்பினார். நம்பவைத்தது யார்?

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க சொன்னபடி இத்தன நாளும் வேற மருந்து நாக்குல படாமத்தான வச்சிருந்தேன். அண்ணனுக்குக் கேட்டது எங்க வீட்டுக்காரகளுக்கு ஏங்க்கா கேக்கல? எங்ககிட்ட என்ன கொறைய ஆத்தா கண்டா?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் "அதுவும் சரிதான்" என்பதற்கு வேறு என்ன அர்த்தம்?

என் மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "நம்பிக்கை போதலத்தா. அவ்வளவுதான்" என்றார். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். முந்தாநாள் கட்டிய பொட்டலங்கள் அப்போதும் என் மடியில்தான் இருந்தன.