படுத்தபடி ஓர் உத்தியோகம்

ஓய்வு பெற்ற பிறகு அந்த பஸ் கண்டக்டர் பார்த்த வேலையைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பதுதான் வேலை. ரத்த அழுத்தம் சரிந்து உயிர் ஊசலாடுகிறவர்களைக் கட்டிலருகிலேயே ஸ்கேன் செய்து, கோளாறு எங்கே என்று உடனே கண்டுபிடிக்க இளம் டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரியில் வகுப்பு நடந்தது. கைபழக ஓர் உடம்பு வேண்டுமே, அதற்குத்தான் நம் ஆள்.

"ஊர்ல எல்லாரும் வேலை செஞ்சு களைச்சு வருவாங்க. நீங்க படுத்துக் களைச்சு வர்றீங்க" என்பாள் மனைவி. அவள் வாயை அவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

சில நாளாக மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு மத்தியானம் சமையலறையில் சரிந்தாள். கை சில்லிட்டிருந்தது. அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸின் முகம் மாறியது. ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த டாக்டரம்மாவைக் கண்டதும் கண்டக்டர் கட்டிலை மறித்து நின்றார். வகுப்பில் இவர் நெஞ்சில் இதயத்தைத் தேடித் தேடிக் கிடைக்காமல், அழுகையை விழுங்கிக்கொண்டு நின்ற பெண் அவள். போயும் போயும் இவள் கையிலா?

"தள்ளி நில்லுங்க ஐயா. நான் பாக்குறேன்."

விலாவுக்குக் கீழே கருவியை வைத்தாள். திரையில் இதயம் உடனே வந்தது. தன் இதயத்தை எத்தனையோ தடவை திரையில் பார்த்தவர் அவர். இது அப்படி இல்லை. சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம், நடுவே நசுங்கித் துடித்தது.

"இதயத்தைச் சுத்தி நீர் கட்டி நெருக்குது. ஊசி போட்டு எடுத்துடலாம்."

பெரிய டாக்டர் வந்தார். அவள் திரையைப் பார்த்து வழி சொல்ல, அவர் ஊசியைச் செலுத்தினார். வெளியே அனுப்பப்பட்ட கண்டக்டர், மனைவி இல்லாத வீட்டை நினைத்து வாய்விட்டு அழுதார்.

உள்ளே கூப்பிட்டபோது மனைவி கண் திறந்திருந்தாள். "அடுப்பை அணைச்சீங்களா?"

"அணைச்சேன்" என்றார். அணைத்தாரா என்று அவருக்கே தெரியாது.

வெளியே வந்து டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அன்னைக்கு உங்களுக்குக் கிடைக்கலையேம்மா?"

"கிடைச்சுது ஐயா. எல்லாரும் போனப்புறமும் நான் விடல. முதல்முதலா உங்ககிட்டதான் கண்டுபிடிச்சேன். நீங்க தூங்கிட்டீங்க."

அடுத்த வகுப்பில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. தேடி அலுத்துப்போன ஒரு புது டாக்டர் கருவியை எடுக்கப் போனார். கண்டக்டர் அந்தக் கையைப் பிடித்துத் திரும்பத் தன் நெஞ்சில் வைத்தார்.

"அவசரமே இல்ல தம்பி. கிடைக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கிறதா இல்ல."