பாறைக்குக் கீழே ஏழரை மீட்டர்

சம்மட்டி இரும்புத் தகட்டில் விழும்போது யாரும் நடக்கக் கூடாது. அது எங்கள் குழுத் தலைவரின் சட்டம். அந்த அடியின் அதிர்வு மண்ணுக்குள் ஓடி, பாறையில் விரைந்து, நாங்கள் வரிசையாகச் செருகிய உணரிகளுக்கு வந்து சேரும். அது வரும் நேரத்தைக் கொண்டு பாறையின் ஆழத்தைக் கணக்கிடுவோம். ஒருவர் இருமினாலும் பதிவு கெட்டுவிடும் என்பார். லாரி வந்தால் சாலையின் நடுவில் போய் நின்று கையை விரிப்பார்: "நக்கோ பாய், தோ மினிட்!" வராதே தம்பி, ரெண்டே நிமிடம் என்று அர்த்தம். ஓட்டுநர் தெலுங்கில் வைவார், இவர் திருநெல்வேலித் தமிழில் திருப்பி வைவார். ஹைதராபாத் முழுக்கப் பதினாறு ஆண்டுகள் அவரோடு கேபிள் விரித்தேன்.

அவர் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தபோது, குகட்பள்ளியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நிலம் பார்த்தோம். நான்கு மீட்டரில் உறுதியான கருங்கல் என்று அறிக்கையில் கையெழுத்திட்டார். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் பொறியாளர் தன் முறையை அதே மனையில் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டார். சம்மட்டி கிடையாது. சின்னச் சின்னப் பெட்டிகளை மண்ணில் புதைத்துவிட்டு, இரண்டு நாள் சும்மா இருந்தார். பேருந்தும் லாரியும் மெட்ரோ ரயிலும் நிலத்தில் எழுப்பும் நடுக்கமே போதுமாம்.

"அப்போ நான் இத்தன வருசம் வெரட்டுனதெல்லாம் உனக்குச் சாப்பாடாம்மா?" என்று சிரித்தார் தலைவர்.

"லாரி வந்தா விருந்து சார்."

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் கணினித் திரையில், ஏழரை மீட்டரில், பாறைக்கு அடியில் மெத்தென்ற ஒரு பட்டை தெரிந்தது. தலைவரின் சிரிப்பு நின்றது. கடினமான அடுக்குக்குக் கீழே இளகிய மண் ஒளிந்திருந்தால் எங்கள் முறை அதைக் காணாது. இது எங்களுக்குத் தெரிந்த குறைதான். அந்த மனையில் அப்படி இருக்கும் என்றுதான் நினைக்கவில்லை.

"விட்டுருங்கண்ணே. சோதனைதானே, யார் கேக்கப் போறா?" என்றேன் நான். அன்றைய நாட்குறிப்பில் இந்த வாக்கியத்தை மாற்றாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

"அதுக்கு மேல குடியிருக்கப் போறது நீரா வே? தொளை போடச் சொல்லும்."

ஒப்பந்தக்காரர் செலவை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே துளை போட்டார். நான்கு மீட்டரில் பாறை, எங்கள் அறிக்கை சொன்னபடியே. பிறகு, ஏழு மீட்டர் அறுபது சென்டிமீட்டரில், துளைக்கருவியின் இரைச்சல் சட்டென்று தணிந்தது. கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மஞ்சள் சேறு மேலே வந்தது.

தலைவர் அதை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். அவமானப்படுவார் என்று நினைத்திருந்தேன். கருவறைத் திரை விலகும்போது மனிதர்களுக்கு வரும் முகம் அவருக்கு வந்திருந்தது. 'முந்தைய அறிக்கை பிழையானது' என்று அங்கேயே தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு சேற்றுக் கையோடு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"ரோட்டுச் சத்தத்துல இதாம்மா தெரிஞ்சுது? மொதல்ல இருந்து காட்டு."

நேற்று அவ்வழியே போனேன். அந்தக் கட்டடம் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஊன்றிய தூண்களின்மேல் நிற்கிறது. ஐந்தாம் மாடியில் ஒரு பெண்மணி போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.