தேதிப் பெட்டியைவிட்டு வெளியேறும்போது

அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் தீபலட்சுமிக்கு மிகவும் பிடித்த பாடம், நிகழ்வுகள். டேட்டாபேஸில் படிவம் செய்யக் கற்கப் புதிதாக வருகிறவர்களுக்கு அதை டவுன் பஸ்ஸை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள்.

"பாளையம்பட்டி பஸ்ஸுல ஏறுனா ஒரு நிகழ்வு. சீட்டு மாறி உக்காந்தா ஒரு நிகழ்வு. எறங்குனா ஒரு நிகழ்வு. பெட்டிக்குள்ள கர்சர் போறது, உள்ள இருக்கிறது மாறுறது, வெளிய வாரது, பட்டன அமுக்குறது எல்லாம் அப்படித்தான். எந்த நிகழ்வுல எந்த வேலைய மாட்டுறோம்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு."

அந்தச் சூட்சுமம் தெரிந்தவள் என்ற பேரில்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் படிவம் செய்து கொடுத்தாள். தேதிப் பெட்டியில் ஒரு நாளை அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தால், காலியா இல்லையா என்று கீழே வரும். பதிவான தேதியை மாற்றினால் இரு வீட்டாருக்கும் போனில் செய்தி போகும். மண்டபத்து மேனேஜர் கோட்டைச்சாமி அவளைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்தார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மாயக்காள் வாசலில் வந்து நின்றாள். நரிக்குடிப் பக்கத்துக்காரி. ஆவணியில் அந்த மண்டபத்தில்தான் அவள் மகள் ஜெகதீஸ்வரிக்குக் கல்யாணம்.

"இதச் செஞ்சது நீதானா தாயி? மண்டபத்துல ஒன்னையத்தான் கையக் காட்டுனாக." போனை நீட்டினாள்.

'உங்கள் திருமண நாள் மாற்றப்பட்டுள்ளது' என்று வரிசையாகச் செய்திகள். முதல் தேதி ஆடியில். அடுத்ததும் ஆடியில். கடைசியில் பழையபடி ஆவணித் தேதி.

"மாப்பிள்ள வீட்டுக்கும் இதேதான் போயிருக்கு. ஆடியில எவனாவது தாலி கட்டுவானா? பொண்ணுக்குப் பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க, ஆடியில நாள் வச்சுக் கேலி பண்ணாதீகன்னு ஏசுறாக. வேற எடம் பாக்கப் போறாகளாம்."

மாணவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபலட்சுமி குரலை உயர்த்தினாள்.

"டைப் பண்ணுனது கோட்டைச்சாமி அண்ணன்க்கா. ஆளு எதச் சொல்றாகளோ அதத்தான் மெஷின் செய்யும்."

"அவுகளும் தன் தப்புன்னுதான் சொன்னாக. மொதலாளி அத்தன பேரு முன்னால வஞ்சாரு. அந்த மனுசன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாக."

கோட்டைச்சாமிக்குப் போன் போட்டாள். தான் சொன்னதை அவர் வாயாலேயே மாயக்காள் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"பாலவனத்தத்து ஆளுக காதுகுத்து விருந்துக்கு ஆடியில நாள் கேட்டாக தாயி," என்றார் அவர். "தெறந்து கெடந்த மாயக்கா வீட்டுப் பதிவுலயே ரெண்டு தேதிய அடிச்சுக் காலியான்னு பாத்தேன். பொறவு பழைய தேதியப் போட்டுட்டேன். 'சேமி'ய நான் அமுக்கவே இல்லையே. எப்படித் தாயி போச்சு?"

தீபலட்சுமி மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். செய்தி அனுப்பும் வரி சேமிக்கும் பட்டனில் இல்லை. தேதி மாறி, கர்சர் பெட்டியைவிட்டு நகர்ந்ததும் நடக்கும் நிகழ்வில் இருந்தது. அங்கே மாட்டியது அவள்தான். காலியா என்று பார்க்கும் வரி ஏற்கெனவே அங்கே இருந்ததால், இதையும் அதன் கீழேயே எழுதி வேலையை முடித்திருந்தாள்.

காது மடல் சுட்டது. பின்னால் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னோடதுதான்க்கா. அண்ணே, உங்க மேல ஒண்ணும் இல்ல. மொதலாளிட்ட நானே சொல்லிருதேன்."

"எங்கிட்டச் சொல்லி என்ன பண்ண?" என்றாள் மாயக்காள். "திருச்சுழிக்கு, மாப்பிள்ள வீட்டுக்கு வா. அங்க சொல்லு."

மாப்பிள்ளையின் அப்பா சுந்தரபாண்டி தீபலட்சுமியை உட்காரச் சொல்லவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பெட்டியவிட்டு நகந்தாலே தகவல் பறந்துருமாக்கும்? எங்க, காட்டு," என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து மாயக்காள் வீட்டுப் பதிவைத் திறந்தாள். ஆடியில் ஒரு நாளை அடித்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். சுந்தரபாண்டியின் சட்டைப்பையிலும் மாயக்காளின் பையிலும் போன்கள் ஒரே நேரத்தில் கூவின. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் சிரித்தார்கள்.

"நல்ல படிப்பு," என்றார் அவர். "யாரோட பிள்ள காதுகுத்துக்கோ எம் மகன் கல்யாணத்தத் தள்ளி வச்சுப்புட்டியே!"

அவள் அந்த வரியை அங்கிருந்து வெட்டி, சேமிக்கும் பட்டனை அமுக்கும் நிகழ்வில் ஒட்டினாள். வேறொரு தேதியை அடித்து நகர்ந்தாள். வீடே போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. பழைய தேதியைத் திரும்பப் போட்டாள்.

"சரி, நம்புறேன்," என்றார் சுந்தரபாண்டி. "ஆனா சொந்தபந்தம் பூராம் வாய்க்கு வந்தபடி பேசியாச்சு. பொண்ணு வீட்டுலருந்து தாம்பாளத்துல வச்சு இன்னொருக்க நாளச் சொல்லுங்க. அப்பத்தான் எங்காளுக வாய மூடுவாக."

"சொல்லிருதேன் சம்மந்தி," என்று மாயக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தத் தப்பும் செய்யாதவள்.

வெற்றிலையும் பழமும் வாங்க அவள் கிளம்பியபோது தீபலட்சுமியும் எழுந்தாள். "நான் வாங்கியாரேன்க்கா."

"நீ வாங்குனா அது எப்படி எங்க வீட்டுத் தட்டு ஆகும்? பேசாம இரு."

மாயக்காள் வெயிலில் இறங்கிப் போனாள். யாரோ ஒரு பெண் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். தீபலட்சுமி அதைத் தொடாமல், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.